மணமும் குரலும்

காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழும் மணத்தைக் குப்பியில் அடைக்க முடியுமா? உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் நகரத்தார் முடியும் என்கின்றனர். சுட்ட களிமண் வில்லைகளைச் செப்புக் கலத்தில் நீருடன் இட்டு, வாயை மண் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுகின்றனர். ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, குளிர்நீரில் அமர்ந்திருக்கும் மற்றொரு கலத்துச் சந்தன எண்ணெயில் படிகிறது. இதுவே மிட்டி அத்தர். 1964-இல் ஆஸ்திரேலிய அறிவியலார் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய இருவரும் அம்மணத்திற்குப் 'பெட்ரிகோர்' எனப் பெயரிட்டனர். பெயர் பிறக்குமுன்பே நம் கைவினைஞர் அதை வடித்துவந்தனர்.

பிறந்த மண்ணையும் குழந்தைப் பருவத்தையும் மணமாக்கித் தரும் வாசனைத் தைலங்கள் இன்று பல நாடுகளில் விற்பனையாகின்றன. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே செல்கின்றன. மணமோ உணர்ச்சியும் நினைவும் உறையும் பகுதிகளை நேராகவே எட்டிவிடுகிறது. ஒரு மணம் நம்மைக் கேளாமலே கண் கலங்க வைப்பதன் காரணம் இதுவே போலும்.

அத்திப்பட்டில் பிறந்து அயல்நாட்டில் வாழும் ஒருவர் தம் ஊர் மணத்தை வடித்துத் தரக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உப்பளக் காற்று, கழிமுகச் சேறு, வெயிலில் காயும் கருவாடு ஆகியவற்றை அவர் விரும்பிச் சேர்ப்பார். 1994 முதல் இயங்கிவரும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சேர்ப்பாரா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய கச்சா எண்ணெயின் வாடையை? அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்து மக்களை உறக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைத்த அமோனியாவை? அங்கு இன்று வளரும் குழந்தைக்கு இவையும் பிள்ளைப்பருவ மணங்களே அன்றோ!

இனியதை மட்டும் காப்பது நினைவின் இயல்பு; அதைக் குற்றம் என்று நாம் சொல்வதற்கில்லை. ஆயினும், தெரிந்தெடுத்த மணத்தையே ஊர் என்று நம்பிவிட்டால் என்னவாகும்?

தொடக்கநூலில் பார்வை மங்கிய ஈசாக்கின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வந்தவனுடைய குரல் யாக்கோபினுடையது என அவர் செவி சரியாகவே சொன்னது. ஏசாவின் ஆடையில் வீசிய வயல்மணமோ அவரை மயக்கியது. குரலை விடுத்து மணத்தை நம்பினார். ஆசி இடம் மாறிற்று. உரியவன் பின்னர் வந்து கதறி அழுதான்.

ஊரை விட்டு வந்த நாமும் இவ்வாறே ஏமாறக்கூடும். நெஞ்சில் மணக்கும் ஊருக்கு நம் அன்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, அங்கே இன்னும் மூச்சு விடுவோரின் குரலுக்குச் செவி கொடாதிருப்போம்.

அதற்காக அந்தக் குப்பியை உடைத்தெறிய வேண்டுவதில்லை. கழிமுகம் முன்பு எப்படி மணத்தது என்பதை அறிந்தவரே, அது இன்று எதை இழந்தது என்று சொல்ல இயலும். அவ்வகையில் நினைவு ஒரு சாட்சியமும் ஆகும். ஆனால், சாட்சி வாய் திறந்து பேசவேண்டும். அடுத்த முறை அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்தில் இறங்கும்போது, பழைய மணத்தைத் தேடுமுன், அங்கிருக்கும் ஒருவரிடம், "இரவில் இங்கே காற்று எப்படி இருக்கிறது?" என்று கேட்போம். விடை வரும்வரை பொறுத்து நிற்போம்.