இரண்டு புறாக்களின் விலை



இன்று பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் அர்ப்பணித்த விழா. பிள்ளை பெற்ற தாய் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் கொடுக்க வேண்டும், ஆட்டுக்கு வசதி இல்லையென்றால் இரண்டு பறவை போதும் என்கிறது லேவியர் நூல் 12ஆம் அதிகாரம். மரியாவும் யோசேப்பும் ஏழைகள் என்று லூக்கா எழுதவில்லை. பறவைகளைச் சொல்லி, ஆட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பறவைகளில் ஒன்றான காட்டுப்புறாவைச் சற்றுப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நம் ஊர்க் கரண்டு கம்பியில் உட்காரும் புள்ளிப்புறாவுக்கு நெருங்கிய உறவு அது. அலகிலிருந்து வால்வரை 27 சென்டிமீட்டர் இருக்கும். முதுகுப் பக்கத்து இறகு ஒவ்வொன்றும் நடுவில் கறுப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். கழுத்தின் இருபுறமும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். நெஞ்சில் மங்கலான ரோஜா நிறம்.

குளிர்காலத்தைச் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே கழித்துவிட்டு, ஏப்ரல் வாக்கில் பாலஸ்தீனத்துக்கு வந்து சேரும். இலையுதிர் காலம் பிறந்ததும் கிளம்பிவிடும். தன் காலம் இந்தப் பறவைக்குத் தெரிகிறது, மக்களுக்குத் தெரியவில்லையே என்று எரேமியா இறைவாக்கினர் ஆதங்கப்பட்டது இதை வைத்துத்தான். வயலோரத்துப் புதரும் தோப்பும் இதன் இருப்பிடம். தரையில் உதிர்ந்த களைவிதையும் அறுத்த வயலில் சிந்திய மணியும் இதன் சாப்பாடு. காய்ந்த விதையே உணவு என்பதால் தண்ணீரை விட்டுத் தூரம் போகாது. கோழியைப்போல் அண்ணாந்து விழுங்காமல், அலகை நீருக்குள் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும்.

கூடு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு சுள்ளி. கீழே நின்று பார்த்தால் சில சமயம் முட்டைகூடத் தெரியும். இரண்டே வெள்ளை முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி இரண்டு வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் இரண்டுக்கும் தொண்டைப் பையில் பால்போல ஒன்று சுரக்கும். ஆம், தகப்பனும் பாலூட்டும். பிள்ளை அழுதால் இருந்த இடத்திலிருந்தே மனைவியைக் கூப்பிடும் அப்பாக்கள் இதைக் கவனிக்கவும்!

களைவிதையை நம்பிய பறவைக்குக் களைக்கொல்லி அடித்த வயலில் என்ன மிஞ்சும்? போதாததற்கு, வலசை வழியில் மத்தியதரைக் கடலோரத்துத் துப்பாக்கிகள். அழிவின் ஆபத்தை எதிர்நோக்கும் பறவைகளின் பட்டியலில் 2015இல் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

இதற்குத் தீவனம் வேண்டாம், மேய்ச்சல் நிலம் வேண்டாம். சொந்தமாகக் காணி இல்லாதவனின் வேலியிலும் வந்து உட்காரும். இது இல்லாத குளிர்காலத்திலா பிள்ளை பிறந்தது? வளர்ப்புப் புறாவின் குஞ்சும் ஆகும் என்கிறது சட்டம். எந்த மாதத்தில் பெற்றவளும் கோவில் வாசலில் வெறுங்கையோடு கூனிக்குறுகி நிற்கக் கூடாது என்று நினைத்துச் செய்த ஏற்பாடாகவே நான் இதை வாசிக்கிறேன்.

ஆனால் காட்டில் விலையில்லாத பறவைக்குக் கோவில் பக்கத்தில் விலை முளைத்தது. யூதர்களின் மிஷ்னா நூலில் ஒரு செய்தி உண்டு. ஒரு சமயம் எருசலேமில் சோடிப் புறாவின் விலை ஒரு பொற்காசுவரை ஏறிவிட்டதாம். ஒரு பொற்காசுக்கு 25 வெள்ளிக் காசு. ஒரு வெள்ளிக் காசு, திராட்சைத் தோட்ட உவமையில் வரும் கூலியாளின் ஒரு நாள் கூலி. ரபி சிமியோன் பென் கமாலியேலுக்குப் பொறுக்கவில்லை. பல பேறுகாலத்துக்குக் காணிக்கை பாக்கி வைத்திருக்கும் பெண்ணும் ஒரே ஒரு சோடி கொடுத்தால் போதும், மீதி அவள் கடமையல்ல என்று போதித்தார். வியாபாரிகள் வெலவெலத்துப் போனார்கள். அன்றைக்கே விலை ஒரு வெள்ளிக் காசுக்கும் கீழே இறங்கியது.

நாணயம் மாற்றுவோரின் மேசைகளோடு ஆண்டவர் புறா விற்பவர்களின் இருக்கைகளையும் கவிழ்த்தார் என்று மாற்கு குறிப்பாக எழுதுகிறார். தம் தாய் கொடுத்த காணிக்கையின் பேரில் நடந்த கொள்ளை அவர் கண்ணை உறுத்தியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் கோவில் வாசலுக்கு வருவோம். திருவிழா வரி பாக்கி இருந்தால் கல்யாண ஓலை வாசிக்கத் தயக்கம். சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால், மணி அடிக்கும் முன் நோட்டைப் புரட்டும் வழக்கம். கோவில் நடக்கப் பணம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் செத்தவருக்கு அடிக்கும் மணிக்கு யார் விலை வைத்தது?

திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவை கூடுகிறது. பாக்கி நோட்டை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அன்பியப் பொறுப்பாளர்களே, கட்ட வழியில்லாத வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் பெயரை வாசிக்க வேண்டாம், ஒரு துண்டுத்தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். அந்தப் பாக்கிகளை இன்றே அடித்துவிடுவோம். மணி இனி எல்லாருக்கும் அடிக்கும்.