எங்கள் பக்கத்துப் பாரம்பரியமும் ஒரு கருங்காலியும்

கல்லூரி மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். வடசென்னையின் பாரம்பரிய இடங்களை ஒருநாள் நடந்தே பார்க்கப் போகிறோம், நீங்கதான் கூட்டிப்போகணும் தோழர் என்றார்கள். கையில் ஒரு பட்டியல். ராயபுரம் ரயில் நிலையம், திருவொற்றியூர் தியாகராசர் கோயில், பட்டினத்தார் அடக்கமான இடம், எண்ணூர் முகத்துவாரம். பட்டியலின் அடியில் நான் ஒரு பெயரைச் சேர்த்தேன்: புளியந்தோப்பு. தொழிற்சங்கக் குடும்பத்துப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். "அங்க என்ன தோழர் இருக்கு? இருபத்தொண்ணுல ஸ்ட்ரைக்க ஒடச்ச கருங்காலிங்க இருந்த எடம்தானே?"

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குச் சொல்லித்தரப்பட்ட வரலாறு அது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யோசித்தபோதுதான் கேள்வி பெரிதாகிவிட்டது. ஓர் இடம் பாரம்பரியம் ஆவது எதனால்? நாம் பெருமைப்படுகிற காரியம் நடந்ததனாலா? அப்படியென்றால், பழி சுமத்தப்பட்டவர்களின் இடம் எந்தக் கணக்கில் வரும்?

ராயபுரம் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தூண்களோடு கட்டடம் இன்னும் நிற்கிறது. திறந்து வைத்த கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தண்டவாளத்துக்கு மண் சுமந்த கூலிகளின் பெயர் ஒன்றிலும் இல்லை. இதை எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சலித்தாகிவிட்டது, விடுங்கள்.

திருவொற்றியூர்க் கோயில் வேறு ரகம். அங்கே கல்லே பேசுகிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் விமானம் எடுத்த தச்சன் ரவியின் பெயர்கூடக் கல்லில் உண்டு. விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகளின் கணக்கு உண்டு. சோழர் கணக்குப்படி ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடு. சாகாத, மூப்படையாத ஆடுகள் என்று அவற்றுக்குப் பெயர். ஆட்டுக்கே சாவில்லை என்று எழுதிய காலத்தில் நாம் எப்படி எழுதப்பட்டோம்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். வரி கிடையாது என்று கழித்துவிட்ட நிலங்களின் வரிசையில் குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. மனிதர்களாக அல்ல, கழிக்கப்பட்ட நிலமாகக் கல்லில் ஏறியிருக்கிறோம். 1939இல் அந்தக் கோயில் நமக்குத் திறந்துவிடப்படும்வரை அந்தக் கல்லைக் கிட்டே போய்ப் பார்க்கவும் நமக்கு வழியில்லை.

இதற்கு மாற்றாக அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வழி காட்டினார். நாம் பூர்வ பௌத்தர், கீழே தள்ளப்பட்டவர்கள் என்றார். எனக்கு அந்த வழியில் மரியாதை உண்டு. ஆனால் அதுவும் பெருமையைக் கொண்டுதான் பழியை வெல்லப் பார்க்கிறது. புளியந்தோப்புக்கு அது போதாது.

நடந்தது இதுதான். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம் வந்தபோது திரு.வி.க. தலைவர். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. கலவரம் மாதக்கணக்கில் நீண்டது. போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர்களில் சிலர், சேரிக்காரர்களுக்கு அரசாங்கம் சலுகை காட்டியதுதான் இத்தனைக்கும் காரணம் என்று பேசினார்கள். எம்.சி.ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். மில் 1996இல் மூடப்பட்டது. அந்தப் பழி மட்டும் மூடவில்லை.

எங்க ஆயாவோட அப்பா அந்த மில்லில் இருந்தவர். வேலைக்குப் போனவர். ஆயா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கு. "சங்கத்துல சேருன்னு வந்தாங்களாம். சேந்தா ஒங்க வூட்டுல தண்ணி குடுப்பியான்னு எங்கப்பா கேட்டாராம். வந்தவங்க ஒண்ணும் சொல்லாம போய்ட்டாங்களாம்." குடிசை எரிந்த மறுநாள் சாம்பலைக் கிளறி அவர் எடுத்தது ஒரு அம்மி. அது இன்னும் எங்க வீட்டில் இருக்கிறது. ஒரு ஓரம் கறுத்திருக்கும்.

கடல் தாண்டி ஓர் உதாரணம் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டின் வடக்கே பெதெஸ்தா என்று ஒரு சிற்றூர். பலகைக்கல் வெட்டும் ஊர். பென்ரின் பிரபுவின் குடும்பம் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டப் பணத்தைக் கொண்டு அந்தக் குவாரியை வளர்த்தது. 1900 முதல் 1903 வரை மூன்று வருஷம் அங்கே போராட்டம். வேலைக்குத் திரும்பாதவர்கள் 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று ஜன்னலில் அட்டை வைத்தார்கள். அட்டை இல்லாத வீடு துரோகி வீடு. அந்தப் பகை பல தலைமுறைக்கு நீடித்தது. 2021இல் யுனெஸ்கோ அந்தக் கல்வெட்டு நிலப்பரப்பையே உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. பிரபுவின் கோட்டையில் இப்போது அடிமைப் பணத்தின் கதையும் சொல்கிறார்கள். கூலிக்காரன் ஊரும் பாரம்பரியம்தான், கறையோடு சேர்த்தே சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பெதெஸ்தாவுக்கும் புளியந்தோப்புக்கும் ஒரு வித்தியாசம். அங்கே துரோகி என்று சொன்னவனும் சொல்லப்பட்டவனும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே மொழியில் ஒரே தெய்வத்தைக் கும்பிட்டவர்கள். உடைவதற்கு அங்கே ஓர் உறவு இருந்தது. இங்கே? கூட உட்கார்ந்து ஒருநாளும் சாப்பிடாதவனைப் பார்த்துக் கூடவே பட்டினி கிட என்று கேட்டார்கள். கொடுக்காத ஒன்றைக் கடனாகத் திருப்பிக் கேட்பதற்குப் பெயர் ஒற்றுமையா?

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி. நிறுத்த முடியவில்லை. அவர்கள் வேலைக்குப் போனதால் லாபம் வெள்ளைக்கார முதலாளிக்குத்தான். பிளவை அவன் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான். துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தவர்களும் கூலிக்காரர்கள்தான். ஆயாவின் அப்பாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சாகும்வரை அந்த வருஷத்தைப் பற்றி ஏன் வாயே திறக்காமல் இருந்தார்? அவரை வீரனாக்கிச் சிலை வைக்க எனக்கு ஆசையில்லை. அது இன்னொரு பொய்.

நான் கேட்பது ஒரு பலகை. அதில் இரண்டு விஷயம் இருந்தால் போதும். இங்கே இருந்தவர்கள் 1921இல் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. இங்கே இருந்த குடிசைகள் அந்த வருஷம் எரிந்தன. வீரன், துரோகி என்ற சொல் எதுவும் வேண்டாம். நின்று படிக்கிறவன் யோசித்துக்கொள்ளட்டும். இப்படி ஒரு பலகையைச் சங்கங்களும் விரும்பாது, நம்மிலேயே பல பேர் விரும்ப மாட்டார்கள். ஏன்டா பழச கிளறுற என்பார்கள்.

அந்தப் பையனிடம் இவ்வளவையும் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த அம்மிய பாக்கலாமா தோழர்?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் எங்க வீடு, அப்புறம் வெயில் ஏறுவதற்குள் புளியந்தோப்பு. ரயில் நிலையமும் கோயிலும் அதற்கப்புறம்.