விசாவுக்கு ஜெபம், வாசலில் பூட்டு!



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். "இது எங்க ஊரு, எங்க நாடு" என்று பெருமைப்படுவது பாவமா? பாவம் இல்லை என்றால், எந்த இடத்தில் அது பாவமாக மாறுகிறது? பிரசங்க மேடையில் நின்று இதை எழுதவில்லை. என் வீட்டு வாசலில் நானே விழுந்துபோன இடத்திலிருந்து எழுதுகிறேன்.

ஏனாத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் இருப்பதால் ஆள் கிடைக்காமல் போனதில்லை. இப்பொழுது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலப் பிள்ளைகளும் ரூம் கேட்டு வருகிறார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஒரு சகோதரியின் மகனுக்குக் கத்தார் போக விசா வரவேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தோம். "ஆண்டவரே, அந்நிய தேசத்திலே பிள்ளைக்கு நல்ல ரூம் கொடும், நல்ல முதலாளியைக் கொடும், அந்த ஊர் ஜனங்களின் கண்களில் தயவு கிடைக்கப்பண்ணும்" என்று உரத்த சத்தமாய் ஜெபித்தது அடியேன்தான். ஆமென் சொல்லி எழுந்தபோது கேட்டுக்கு வெளியே இரண்டு வாலிபர் நின்றார்கள். முதுகில் பை. "அண்ணா, ரூம் இருக்கா?" "எந்த ஊருப்பா?" "ஒடிசா, அண்ணா."

ஒரு ரூம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான், "இல்லப்பா, வடக்கத்திக்காரங்களுக்குக் குடுக்கறதில்ல" என்று சொல்லிக் கேட்டைச் சாத்திப் பூட்டினேன். என் மனைவி, "ஏங்க, இப்பத்தானே ஜெபம் பண்ணீங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மை குத்தினால் கோபம்தானே முதலில் வரும்?

அடுத்த ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் அதே இரண்டு பேர்! புதிதாக வந்தவர்களைப் பாஸ்டர் ஐயா எழுந்து நிற்கச் சொன்னார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவன் சாட்சி சொன்னான். "எங்க ஊரு கந்தமால். சின்னப் பையனா இருக்கும்போது வீட்டைக் கொளுத்தினாங்க. அம்மா என்னைத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடினாங்க. இயேசப்பா காப்பாத்தினாரு. ஸ்தோத்திரம்." அவ்வளவுதான் சொன்னான்.

பிரியமானவர்களே, 2008 ஆகஸ்டு மாதம் கந்தமாலில் கலவரம் தொடங்கினபோது எத்தனை சபைகள் உபவாசித்து ஜெபித்தன! வீடுகளும் ஜெப ஆலயங்களும் எரிந்தன. ஆயிரக்கணக்கான விசுவாசிகள் காட்டுக்குள் ஓடி, பின்பு நிவாரண முகாம்களில் தங்கினார்கள். அன்றைக்கு நானும் முழு இரவு முழங்காலில் நின்றேன், காணிக்கையும் போட்டேன். எந்தப் பிள்ளைக்காக அன்று அழுதேனோ, அந்தப் பிள்ளை என் கேட்டில் வந்து நின்றபோது பூட்டுப் போட்டிருக்கிறேன்! அவன் விசுவாசி என்று தெரியாமல் செய்தேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். விசுவாசி இல்லை என்றால் மட்டும் பூட்டலாமா?

ஊர்ப் பாசம் தேவன் வைத்தது

முதலாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாய்நாட்டை நேசிப்பதும் தாய்மொழியை நேசிப்பதும் பாவமல்ல. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேட்டு நெகேமியா அரண்மனை வேலையில் இருந்துகொண்டே உட்கார்ந்து அழுதான். தன் இனத்தாருக்காகத் தான் சபிக்கப்பட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குப் பவுலின் இருதயம் துடித்தது (ரோமர் 9). எகிப்தில் எல்லா மரியாதையும் கிடைத்த யோசேப்புகூட, தன் எலும்புகளை அங்கே விட்டுவிடாதீர்கள் என்று ஆணையிட்டுக் கொடுக்கச் சொன்னான் (ஆதியாகமம் 50). நம் ஆண்டவரும் நகரத்தைப் பார்த்து அழுதாரே!

சொந்த ஊரின் இழுப்பு எவ்வளவு பலமானது என்பதை 2020-ல் தேசமே கண்டது. மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. லட்சக்கணக்கான தொழிலாளிகள் மூட்டையைத் தலையில் வைத்து, பிள்ளையைத் தோளில் வைத்து, வெயிலில் நெடுஞ்சாலை வழியே நடந்தார்கள். மே 1-ஆம் தேதி முதல்தான் அவர்களுக்கென்று சிறப்பு ரயில் விட்டார்கள். கையில் காசும் இல்லை, வயிற்றில் சோறும் இல்லை. செத்தாலும் ஊரில் போய்ச் சாகணும் என்ற ஏக்கம் மாத்திரம் இருந்தது. நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, அவனுக்கும் அவன் ஊர் அப்படியே. தன் ஊரை உண்மையாய் நேசிக்கிறவனுக்குத்தானே ஊரை விட்டு வந்தவனுடைய வலி முதலில் புரிய வேண்டும்?

எது நம்முடையது?

"காஞ்சிப் பட்டு எங்க பெருமை" என்கிறோம். பெருமைதான்! 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சற்றே யோசித்துப் பாருங்கள். நம் தறிக்கு வரும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டு. ஜரிகையில் பெரும்பகுதி குஜராத்திலுள்ள சூரத்திலிருந்து வருகிறது. நெய்கிறவர்களில் பல குடும்பங்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் பாட்டி இழை எண்ணும்போது "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்றுதான் எண்ணுவாள். அந்தப் பாட்டியின் பேரன்தான் கேட்டில் நின்று, "வெளியூர்க்காரனுக்கு இடமில்லை" என்றேன்!

நெசவு தெரிந்தவர்களுக்குக் கோர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவர் தனியாக நெய்ய முடியாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு நிற இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கரை தன் நிறத்தை விடுவதில்லை, உடலும் தன் நிறத்தை விடுவதில்லை. புடவை கிழிந்தாலும் கோர்வை விடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேவன் ஒரு ஊரைக் கட்டுகிற விதமும் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நாமும் பரதேசிகளாயிருந்தோம்

இஸ்ரவேலருக்குக் கர்த்தர் திரும்பத் திரும்ப நினைப்பூட்டின காரியம் ஒன்று உண்டு. எகிப்தில் நீங்கள் அந்நியராயிருந்ததை மறக்க வேண்டாம், ஆகையால் உங்கள் நடுவில் தங்குகிற அந்நியனைச் சொந்த ஜனத்தானைப் போல் நேசியுங்கள் என்றார் (லேவியராகமம் 19:34). தமிழருக்கும் ஒரு எகிப்து உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த நம் ஜனங்களில் லட்சக்கணக்கானோர் 1948-ல் வந்த சட்டத்தால் குடியுரிமை இழந்தார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். அங்கே "கள்ளத்தோணி" என்று ஏச்சு. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து சேர்ந்தால் இங்கே "சிலோன்காரன்" என்று பேர். இரண்டு தேசமும் அவர்களைப் பார்த்து "நீ எங்க ஆள் இல்லை" என்றது.

1966-ல் பம்பாயில் சிவசேனை தொடங்கின காலத்தில் தென்னிந்தியர் வேலையைப் பறிக்கிறார்கள் என்று முழக்கம் எழும்பியது. நம்மவர் கட்டின லுங்கியைக் கேலி செய்தார்கள், கடைகளைத் தாக்கினார்கள். அதைக் கேட்டு நமக்கு இரத்தம் கொதித்தது. இப்பொழுது நம் தெருவில் "வடக்கன்" என்று ஒரு வாலிபனைக் கூப்பிடும்போது ஏன் கொதிக்கவில்லை? அவன் அந்நிய நாட்டான்கூட இல்லையே! இந்தியாவில் எங்கேயும் போகவும் குடியிருக்கவும் அரசியலமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அவனுக்கும் உரிமை தந்திருக்கிறதே! நம் பிள்ளை கத்தாருக்குப் போனால் ஆசீர்வாதம், அடுத்தவன் பிள்ளை ஏனாத்தூருக்கு வந்தால் ஆபத்தா?

"பிரதர், உங்களுக்கு என்ன தெரியும்?"

இதைச் சொன்னபோது எங்கள் சபையில் ஒரு சகோதரன் கேட்டார்: "பிரதர், என் பையன் ஐடிஐ முடிச்சு வீட்ல இருக்கான். கம்பெனியில காண்ட்ராக்ட்காரன் அவங்களைத்தான் எடுக்கறான். தறியிலயும் கூலி கட்டுபடியாகல. நான் என்ன பண்றது?" இந்தக் கேள்வியை "ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. அவர் வலி உண்மையானது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று கேட்பது நியாயம், அதில் பகை ஒன்றுமில்லை.

ஆனால் குறைந்த கூலிக்கு வருகிறவன் மேல் கோபப்படுகிறோமே, குறைந்த கூலி கொடுக்கிறவன் மேல் ஏன் கோபப்படுவதில்லை? வேலைக்காரருக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி தேவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினது ஐசுவரியவான்களுக்குத்தான் (யாக்கோபு 5). வெளிமாநிலத் தொழிலாளருக்கும் நியாயமான கூலியும் தங்குமிடமும் வேண்டும் என்று 1979-லேயே நம் தேசத்தில் சட்டம் இயற்றினார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி அவனுக்கும் கொடுத்தால், அவனைக் காட்டி உங்கள் மகனின் கூலியை யாரும் குறைக்க முடியாதே! அவனுக்காக நியாயம் கேட்பது உங்கள் பிள்ளைக்காகக் கேட்பதும் ஆகும்.

பயம் நம் பக்கத்தில் மாத்திரம் இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அது பொய் என்று காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்தும் ஒரு குழு வந்து விசாரித்துப் போனது. அதற்குள் பயந்துபோன பலர் ரயில் ஏறிவிட்டார்கள். நம்மைக் கொலைகாரர் என்று நம்பும் அளவுக்கு அவர்கள் நம்மை அறியாதவர்களாய் இருந்தார்கள். அவர்களைத் திருடர் என்று நினைக்கும் அளவுக்கு நாமும் அறியாதவர்களாய் இருக்கிறோம்.

அக்கினி விழுந்த இடம்

பெந்தெகொஸ்தே ஜனமே, நம்முடைய ஆரம்பத்தை நினையுங்கள். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவில் தேவன் எழுப்பின பாத்திரம் வில்லியம் சீமூர். அடிமைகளாயிருந்து விடுதலையானவர்களுக்குப் பிறந்த கறுப்பின ஊழியர். நிறம் பார்த்துப் பிரித்து வைத்த அந்த நாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் வந்தேறிகளும் ஒரே பலகையில் உட்கார்ந்து அபிஷேகம் பெற்றார்கள். சில வருஷங்களில் மறுபடியும் நிறம் வந்து சபையைப் பிரித்துப்போட்டது. 1994-ல் மெம்பிஸ் நகரத்தில் ஒரு வெள்ளைப் போதகர் கறுப்பினப் போதகரின் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். இடையில் போனது 88 வருஷம்! நம் பக்கத்திலும் பாருங்கள். 1920-களில் இலங்கையில் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கின பாஸ்டர் பால், கேரளத்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர். அன்றைக்கு யாராவது அவருக்கு வாசலைப் பூட்டியிருந்தால்?

நாசரேத்து ஊரார் இயேசுவைக் கேட்டு முதலில் ஆச்சரியப்பட்டார்கள். "நம்ம ஊர்ப் பிள்ளை" என்ற பெருமை. சாறிபாத் விதவைக்கும் சீரியனாகிய நாகமானுக்கும் தேவன் இரங்கினார் என்று அவர் சொன்ன அதே நிமிஷம் அந்தப் பெருமை கோபமாயிற்று, மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள் (லூக்கா 4). என் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. தேவன் எனக்குச் செய்ததற்காக மகிழும் வரைக்கும் ஊர்ப் பெருமை ஸ்தோத்திரம். அடுத்தவனுக்கு அவர் செய்யப்போகும்போது எரிச்சல் வந்தால், அது பாவமாகிவிட்டது.

அன்று ஆராதனை முடிந்ததும் அந்த வாலிபரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்று சிரித்தார்கள். வேறு இடத்தில் எட்டுப் பேர் தங்கும் ஒரு ரூமில் சேர்ந்திருந்தார்கள், முன்பணமும் கட்டிவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பாக்கியத்தை நான் இழந்தேன். இப்பொழுது அந்த ரூமில் பீகார் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் விசுவாசிகள் அல்ல. அதனால் எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் என்னோடு பேசுவதில்லை. அவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன்.

தேவனுடைய பிள்ளைகளே, உங்கள் சபையில் விசாவுக்காக ஜெபிக்கும்போதெல்லாம் உங்கள் தெருவில் தங்கியிருக்கிற பரதேசி ஒருவனையும் நினையுங்கள். அவன் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், நம் தமிழை அன்பாய்ச் சொல்லிக் கொடுங்கள். ஒரு ஞாயிறு அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் ஊருக்காகவும் எங்கள் தேசத்துக்காகவும் ஸ்தோத்திரம். பரதேசிக்குப் பூட்டின வாசல்களை மன்னியும். பாலகனாய் எகிப்தில் தங்கின இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென். மாரநாதா!