யயாதி வாங்கிய கடன்

இந்த வருஷ மாசி மகத்துக்கு அண்ணி மூன்றாவது தடவையாகப் பால்குடம் எடுத்தார். செங் சன்னாசிமலைக்குப் போகும் வழி முழுக்க நான்தான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்தேன். வேண்டுதல் என்னவென்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கல்யாணமாகி நான்கு வருஷம். பெரியம்மா வாய் திறந்து ஏசுகிறவர் அல்ல. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் "இன்னும் விசேஷம் ஒன்னும் இல்லையா?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் அண்ணியைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும்.

அண்ணன், என் பெரியம்மா மகன், சட்டையில்லாமல் கொஞ்சம் முன்னால் நடந்துகொண்டிருந்தார். அந்தத் தோளையும் மார்பையும் பார்த்து இரண்டு மூன்று பையன்கள் கூடவே வந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அண்ணிக்குத் தெரியாது. அதைச் சொல்வதா, சொல்லாமல் இருப்பதா? அந்த நடையில் என்னைப் போட்டு அரித்த கேள்விதான் இந்தக் கட்டுரை. (எழுதியதை அண்ணன் படித்தார். "பேரு மட்டும் போடாதே" என்றார்.)

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜிம்மில் அவர் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் காட்டினார். உள்ளே மஞ்சளாக எண்ணெய் மாதிரி ஒன்று. டெஸ்டோஸ்டெரோன் ஊசி மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்தது அல்ல, 'தெரிஞ்ச ஆள்' கொடுத்தது. "டேய், நீயும் போட்டுப் பாருலா. பன்னிரண்டு வாரம்தான், அப்புறம் நிறுத்திடலாம்." நான் போடவில்லை. ஒழுக்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஊசி என்றால் பயம், கையில் காசும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்குக் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம். அதைப் படிக்கும்போதுதான் அந்தப் புட்டி ஞாபகத்துக்கு வந்தது. ஏர்கோனை எடுத்துக்கொள்ளுங்கள். அறை எவ்வளவு சூடு என்று ஒரு சென்சர் அளக்கும். சூடு ஏறினால் கம்ப்ரசர் ஓடும், குளிர்ந்தால் நிற்கும். இப்போது அந்த சென்சரில் ஒரு ஐஸ் கட்டியை வையுங்கள். அறை கொதித்துக்கொண்டிருந்தாலும், போதுமான அளவு குளிர்ந்துவிட்டது என்று நினைத்து கம்ப்ரசர் நின்றுவிடும்.

ஆண் உடம்பும் இப்படித்தான். மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ், அதற்குக் கீழே பிட்யூட்டரி சுரப்பி. இவை எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்பி விரைகளுக்கு வேலை சொல்கின்றன. ஒன்று டெஸ்டோஸ்டெரோன் சுரக்கச் சொல்லும், இன்னொன்று விந்தணு உருவாக உதவும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் ஏறினால் மூளை இரண்டையும் குறைக்கும். ஊசி போட்டால் மூளைக்கு அது ஐஸ் கட்டி. "போதும் போதும்" என்று இரண்டு உத்தரவையும் நிறுத்திவிடும். விந்தணு வளர வேண்டுமானால் விரைக்குள்ளே டெஸ்டோஸ்டெரோன், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். ஊசியால் அந்த அளவை அங்கே கொண்டுபோக முடியாது. வெளியே தோள் விரியும், உள்ளே பட்டறை மூடிவிடும்.

இது என் ஊகம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதை வேண்டுமென்றே சோதித்திருக்கிறது, ஆண்களுக்கான கருத்தடை ஊசியாக! 1990-இல் வெளிவந்த அந்த ஆய்வில் 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் எனந்தேட் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் 157 பேருக்கு விந்தில் ஓர் அணுகூட இல்லை. ஜிம்களில் 'ஆண்மைக்கு' என்று கைமாறுவதும் இதே குடும்பத்து மருந்துதான். அண்ணன் போட்டுக்கொண்டது வாரத்துக்கு 200-க்கும் மேலே.

ஆண்மை என்ற நம்முடைய சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீரம், உடல் பலம், பிள்ளை பெறும் திறன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் விந்தை ரத்தத்தின் சாரம் என்றார்கள். அந்தக் காலத்துக்கு அது ஒரு விளக்கம். ஆனால் ஹார்மோன் வேறு, விந்தணு வேறு. ஒன்றை வெளியிலிருந்து ஏற்றினால் மற்றது இறங்கும். மூட்டையைப் பிரிக்காதவரை இது புரியாது.

தோட்டத்தில் ஆடு மாடு வளர்த்தவர்களுக்குக் காயடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்பவர், காயடித்த சேவலின் வயிற்றுக்குள் விரையைத் திரும்பப் பொருத்தினார். கொண்டை வளர்ந்தது, சேவல் கூவியது. ரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று போகிறது என்று அப்போதே தெரிந்தது. 1889-இல் பிரௌன்-செக்கார், 72 வயது விஞ்ஞானி, நாய், கினிப்பன்றி விரைகளின் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டது என்று பாரிஸில் அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்கவே வாய்ப்பில்லை என்பது இன்றைய முடிவு. ஆசைதான் வேலை செய்திருக்கிறது. உண்மையான டெஸ்டோஸ்டெரோனைப் பிரித்தெடுத்ததும், ஆய்வுக்கூடத்தில் செய்ததும் 1935-இல்.

அந்தக் கிழவரைப் படித்தபோது எனக்கு யயாதிதான் ஞாபகம் வந்தார். சமய வகுப்பில் கேட்ட மகாபாரதக் கதைதான். சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் யயாதிக்குத் திடீர் முதுமை. யாராவது இளமையைக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்கிறார். நான்கு பேர் மறுக்கிறார்கள். கடைசி மகன் பூரு கொடுக்கிறான். ஆயிரம் வருஷம் அனுபவித்த பிறகு, ஆசை அனுபவித்துத் தீர்வதில்லை என்று கண்டு மகனிடம் இளமையைத் திருப்பிக் கொடுக்கிறார். 'ஆசையை அடக்கு' என்பதுதான் இதன் பாடம் என்று நமக்குச் சொன்னார்கள். எனக்கு இப்போது வேறு இடம் உறுத்துகிறது. ஒருவன் வாங்கிய இளமையை இன்னொருவன் உடம்பு சுமந்ததே! பூருவிடமாவது கேட்டார்கள். அவன் சம்மதித்தான். அண்ணியிடம் யார் கேட்டார்கள்?

அதற்காக இந்த மருந்தே பாவம் என்று சொல்ல மாட்டேன். பிட்யூட்டரியில் கட்டி வந்தவர்களுக்கும், கிளைன்ஃபெல்டர் நிலையோடு பிறந்தவர்களுக்கும் இது நியாயமான சிகிச்சை, கண் தெரியாதவனுக்குக் கண்ணாடி மாதிரி. நடுவில் இருப்பவர்கள் விஷயம்தான் சிக்கல். என் அப்பா மாதிரி. ஜாசின் பக்கத்தில் பால்மரம் சீவியவர், பிறகு செம்பனை. இனிப்பு நீர் வந்து பத்து வருஷம் ஆகிறது. 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதிலும் நம்மவர்களிடம்தான் மிக அதிகம். இனிப்பு நீரும் தொப்பையும் சேர்ந்தால் டெஸ்டோஸ்டெரோன் குறைவதும் சகஜம். அப்பாவுக்கு எந்நேரமும் சோர்வு. ஆனால், "இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?" என்பார். கடையில் தொங்கும் தொங்காட் அலி காப்பிப் பொட்டலத்தை மட்டும் வாங்கி வருவார்.

தொங்காட் அலியை இங்கே ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2012-இல் வந்த ஓர் ஆய்வில் 76 பேருக்கு ஒரு மாதம் கொடுத்து, ஹார்மோன் ஏறியது என்றார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் மாத்திரை சாப்பிட்ட இன்னொரு குழு அதில் இல்லை. பொறியியல் படிக்கிறவன் அதை வைத்துப் பாலம் கட்ட மாட்டான். அதைவிடப் பயம், இப்படிப்பட்ட காப்பிப் பொட்டலங்கள் சிலவற்றில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

முறையான சிகிச்சையிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1007 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2021-இல் வந்தது. எல்லாருக்கும் உடல் எடை குறைக்கும் பயிற்சி, பாதிப் பேருக்கு அதோடு டெஸ்டோஸ்டெரோன் ஊசி. இரண்டு வருஷத்தில் ஊசி போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் இனிப்பு நீர். நல்லதுதான். ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரத்தம் அளவுக்கு மேல் கெட்டியானது. 2023-இல் வந்த டிராவர்ஸ் ஆய்வில் 5,000-க்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். மாரடைப்பு கூடவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டும் கொஞ்சம் கூடின. அதனால்தான் காலையில், இரண்டு வேறு நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அறிகுறியும் இருந்தால்தான் டாக்டர்கள் தொடங்குகிறார்கள். கடனே வாங்கினாலும் கணக்கு எழுதி வாங்கும் கடன் அது. அப்பாவை ஒரு வழியாகக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். முதல் ரத்தம் எடுத்தாயிற்று.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வாயை மூடிக்கொள்ள எனக்கு நிறையக் காரணங்கள் இருந்தன. அது அவர் ரகசியம். நான் டாக்டர் இல்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். வள்ளுவரைக்கூடத் துணைக்கு இழுத்தேன். வாய்மையைத் தீங்கு இல்லாமையால்தானே அவர் அளந்தார், அண்ணி நிம்மதியாக இருக்கிறார், ஏன் கெடுப்பானேன் என்று. பால்குடம் தலையில் இருக்க, அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு மலையேறியதைப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்கு தப்பு என்று உறைத்தது. தீங்கு இனிமேல் வரப்போவது இல்லை, மூன்று வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. மலடி என்று சொல்ல நம் வாய்க்குக் கூசுவதில்லை, ஆணைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. என் மௌனம் அந்தப் பழியோடு சேர்ந்துகொண்டது.

மறுவாரம் அண்ணனிடம் 1990 ஆய்வைப் பற்றிச் சொன்னேன். முதலில் கோபம். "நான்தான் நிறுத்திட்டேனே?" நிறுத்தவில்லை. நிறுத்தியதும் உடம்பு இறங்கி, மனசு சோர்ந்து, மறுபடி மறுபடி போட்டிருக்கிறார். மூளையின் உத்தரவு திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், அந்தக் காலியான மாதங்களைத் தாங்க முடியவில்லை. கடைசியில், "அவகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாதே" என்றார். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

சொன்னார். அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது தேத்தண்ணி வைத்துவிட்டு, "தம்பி, நடக்கும்போது உங்களுக்கும் தெரியும்தானே?" என்று கேட்டார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவன். தெரியும் என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

விந்துப் பரிசோதனையில் அணு மிக மிகக் குறைவு. ஊசியை டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தியாயிற்று. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கருத்தடை ஆய்வுகளில் ஊசியை நிறுத்தியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆறு மாதத்திலும், பத்தில் ஒன்பது பேர் ஒரு வருஷத்திலும் இயல்பான அளவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் அளவோடு போட்டவர்கள். அண்ணனுக்கு இன்னும் நாளாகலாம் என்றார் டாக்டர்.

பெரியம்மாவிடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்கிறார் அண்ணி. அடுத்த மாசி மகத்துக்குள்.