பளபளப்பும் வெளிச்சமும்

கையில் முந்நூறு வெள்ளிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் தாத்தா காலத்து மோரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. பம்பரில் குரோம் உரிந்திருக்கிறது. பானெட் ஓரப் பட்டையில் புள்ளி புள்ளியாகத் துரு. ஹெட்லைட் எரிகிறது, ஆனால் மெழுகுவர்த்தி மாதிரி. எதை முதலில் சரிசெய்வீர்கள்?

பழைய கார் பிரியர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான். “பம்பர மட்டும் பளபளன்னு ஆக்கிடுங்கண்ணே, காடி புதுசு மாதிரி ஆயிடும்.” லைட்டு? “அது ராத்திரி ஓட்டுனாத்தானே!”

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பதிலுக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. பழையதை மீட்பது என்றால் யாருக்காக மீட்பது?

முதலில் பளபளப்பைப் பார்ப்போம். பினாங்கு தீவு. கடற்காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. பம்பரின் மேலிருக்கும் குரோம் பூச்சு ஒரு மைக்ரான்கூடத் தேறாது. அதற்குக் கீழே இருக்கும் நிக்கல்தான் உண்மையில் இரும்பைக் காக்கிறது. குரோமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுகின்றன, அவற்றின் வழியே ஈரம் இறங்குகிறது, துரு மேலே வருகிறது. கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. செலவு சில காசுகள். ஆனால் பூச்சே உரிந்த இடத்தில் எதைத் தேய்த்தாலும் பளபளப்பு திரும்பாது. பாலிஷ் எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதை எடுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு தேய்ப்பிலும் பழைய பொருள் கொஞ்சம் கரைகிறது.

இதே கவலை கட்டடங்கள் விஷயத்தில் ஒருவருக்கு வந்தது. அவர் பெயரும் மோரிஸ்தான். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ். பழைய தேவாலயங்களை ‘மீட்கிறோம்’ என்று காலங்காலமாகப் படிந்த பூச்சுகளைச் சுரண்டி எடுத்து, கற்பனையான ஓர் ஆதி நிலைக்குக் கொண்டுபோனதைக் கண்டு கொதித்து, 1877இல் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ‘சுரண்டல் எதிர்ப்பாளர்கள்’ என்பது அந்தச் சங்கத்துக்கு அமைந்த செல்லப்பெயர். அதே 1877இல்தான் இன்னொரு வில்லியம் மோரிஸ் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டில் சைக்கிள் பழுதுபார்க்கத் தொடங்கி, பிறகு மோரிஸ் கார்களை உருவாக்கியவர் இவர். இருவருக்கும் உறவில்லை. ஆனால் பழைய மோரிஸ் மைனரின் முன் சாண்ட்பேப்பரோடு நிற்பவருக்கு இரண்டு மோரிஸ்களும் தேவைப்படுகிறார்கள். ஒருவர் வண்டியைக் கொடுத்தார், மற்றவர் சுரண்டாதே என்கிறார்.

நம் மரபு முதல் மோரிஸோடு அப்படியே ஒத்துப்போகாது. ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்திரீட்டில் 1833 முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். குடமுழுக்கு என்றால் கோபுரச் சுதைகளுக்குப் புது வர்ணம் உண்டு. மங்கிய வர்ணத்தை ‘காலத்தின் தடம்’ என்று யாரும் அப்படியே விட்டுவைப்பதில்லை. புதுப்பிப்பதே அங்கே தொடர்ச்சி. அதனால் ‘எதையும் தொடாதே’ என்ற விதியை அப்படியே இறக்குமதி செய்துகொள்ள முடியாது. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் பாட்டி கசக்கத்தான் சொன்னாள். கந்தையைப் பட்டு என்று சொல்லி ஊரை ஏமாற்றச் சொல்லவில்லை. பராமரிப்புக்கும் வேஷத்துக்கும் நடுவே உள்ள கோடு அங்கேதான் இருக்கிறது.

‘ஒரிஜினல்’ என்று நாம் உருகும் நிலையும் அவ்வளவு உறுதியானதல்ல. 1948இல் அறிமுகமான மோரிஸ் மைனரில் ஹெட்லைட்டுகள் முன்பக்கக் கிரில்லுக்குள் தாழ்வாக இருந்தன. அமெரிக்கச் சட்டத்துக்காக அவை மட்கார்டின் மேலே ஏற்றப்பட்டன. நாம் இன்று ‘அந்தக் கால முகம்’ என்று ரசிக்கும் முகம், வெளிச்சத்தின் பொருட்டு மாற்றப்பட்ட முகம். கதவுக்குப் பின்னால் கைபோல நீண்டு திசைகாட்டிய பழைய சிக்னலும் 1961இல் போய், மினுக்கும் விளக்கு வந்தது. தொழிற்சாலையே விளக்கு விஷயத்தில் பழமைக்குப் பிடிவாதம் காட்டவில்லை.

ஏன்? விளக்கு வண்டிக்காரருக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதால்தான். பம்பர் மங்கினால் என் மனசு மட்டும்தான் சங்கடப்படும். பின்விளக்கு மங்கினால், மழை நேரத்தில் பின்னால் மோட்டார்சைக்கிளில் வருபவர் நான் இருப்பதே தெரியாமல் வந்து மோதுவார். பளபளப்பு என் விருப்பம். வெளிச்சம் அடுத்தவருக்கு நான் பட்டிருக்கும் கடன்.

இந்தக் கடனைக் கட்டுவதிலும் வேஷம் நுழையலாம். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டர் கறுத்துவிட்டால் வெள்ளி ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் உண்டு. பார்க்கப் புதுசாக இருக்கும். ஆனால் பெயின்ட் கண்ணாடி ஆகாது. ஒளியைச் சிதறடிக்குமே தவிர, திரட்டிச் சாலையில் வீசாது. பழைய விளக்கில் எல்இடி பல்பு மாட்டுவது இன்னொரு வழி. பழைய ரிஃப்ளெக்டர் டங்ஸ்டன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி கிளம்பும் இடம் தவறினால் கற்றை மேலே ஏறும். எனக்குப் பளிச்சென்று இருக்கும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். எண்பதுகளுக்குப் பிறகு வந்த பிளாஸ்டிக் மூடிகளைப் பற்பசை போட்டுத் தேய்ப்பதும் இந்த வகைதான். மஞ்சள் போகும், கூடவே வெயிலைத் தடுக்கும் மேற்பூச்சும் போகும். மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுக்காவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்.

உண்மையான மருந்து பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது. மங்கலான ஹெட்லைட்டுக்கு அடிக்கடி காரணம், எர்த் ஒயர் வண்டி உடம்போடு சேரும் இடத்தில் பிடித்த துரு. போல்ட்டைக் கழற்றி, சாண்ட்பேப்பரால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் பல நேரம் வெளிச்சம் திரும்பிவிடும். ஏறக்குறைய இலவசம். ஆனால் படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை.

காசு குறைவாக இருப்பதை ஒரு வரம் என்று சொல்ல மாட்டேன். வறுமையை அழகாக்கும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் காசு நிறைய இருப்பவர் இந்தக் கேள்வியைச் சந்திக்காமலே தப்பித்துவிடலாம், இரண்டையும் செய்துவிடலாம். முந்நூறு வெள்ளிக்காரர் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். பம்பருக்குப் புதுக் குரோம் ஏற்றினால் பணம் அத்தோடு சரி. அவர் தேர்வில்தான் அவர் யார் என்பது தெரிகிறது.

இதைக் காருக்கு மட்டும் சொல்லி நிறுத்த ஜார்ஜ்டவுனில் வாழ்கிறவர்களால் முடியாது. 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு மக்கள் வாழ வழிசெய்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. பல குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் ஏறியது. முகப்புகள் மீட்கப்பட்டன, ஜன்னல் பலகைகளுக்குப் புது வர்ணம் வந்தது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் இடிந்தே போயிருக்கும் சுவர்கள் இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் சில தெருக்களில் இரவு பத்து மணிக்கு நடந்து மேலே பாருங்கள். ஓரப் பட்டை பளபளக்கிறது, மாடியில் விளக்கு எரியவில்லை.

மீட்பில் எதைச் செய்தோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்தோம் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் எர்த் ஒயர், பிறகு பின்விளக்கு, சிக்னல், ஹெட்லைட். மிச்சம் இருந்தால் அலுமினியத் தாளும் ஒரு வாளித் தண்ணீரும். அதற்குப் பிறகும் பம்பரில் தழும்பு தெரிந்தால் தெரியட்டும். அதில் மோதி யாரும் விழப்போவதில்லை.