இரண்டு இயங்குதளமும் ஓர் உயிரும்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவி, இயக்கும்போதெல்லாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு டூயல் பூட் என்று பெயர். வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸையும் இன்னொன்றில் லினக்ஸையும் வைக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது இவ்விரண்டில் எதுவும் அன்று. தாய்ப்பலகையின் சில்லில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். அது துவக்கநிரல் ஒன்றைக் கூப்பிடுகிறது. லினக்ஸ் உள்ள கணினியில் பெரும்பாலும் அது கிரப். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். அம்புக்குறியை நகர்த்தி என்டர் தட்டினால், தேர்ந்த இயங்குதளம் நினைவகத்தில் ஏறி இயந்திரம் முழுவதையும் தன் வசம் எடுத்துக்கொள்ளும். மற்றது அந்நேரம் ஓடாது. தட்டில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். ஓர் உடல், அதில் முறைவைத்து வந்து அமரும் இரண்டு ஆட்சிகள். மெய்யியலார் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பனையில் வைத்து ஆராய்ந்த நிலை இப்போது வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. அங்கே இருப்பது ஒருவரா, இருவரா என்பது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. மனம் என்பது மூளையில் ஓடும் மென்பொருள் என்று இன்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கூற்றை உரசிப் பார்க்க டூயல் பூட் நல்ல கல்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. இதனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல திடீரென்று நாதியற்றுப் போயின. அத்தகைய கணினியில் பழைய மென்பொருளுக்காக விண்டோஸை விட்டுவைத்து, இணையத்துக்கு லினக்ஸைப் பக்கத்தில் நிறுவிக்கொள்வது சிக்கனமான வழி. ரொறன்ரோவின் வடகிழக்கில், தமிழரும் சீனரும் செறிந்து வாழும் மில்லிக்கனுக்கும் இது பொருந்தும். மில்லிக்கன் என்ற பெயரே ஸ்டீல்ஸ் அவெனியூவின் இரு பக்கத்தையும் தழுவியது: தெற்கே ரொறன்ரோ மாநகரம், வடக்கே மார்க்கம் நகரம். ஒரு பெயருக்குள் இரண்டு நிர்வாகங்கள் என்று இதை டூயல் பூட்டோடு ஒப்பிடத் தோன்றும், ஒப்புமை நிற்காது. அங்கே நிலம் வேறு, நேரம் ஒன்று. கணினியில் நிலம் ஒன்று, நேரம் வேறு.

நேரம் வேறு என்பது சொல்லளவில் மட்டும் உண்மையன்று. தாய்ப்பலகையில் ஒரு சிறு மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இருக்கிறது. அது காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாக வாசிக்கும். லினக்ஸ் உலகப் பொதுநேரமாக வாசிக்கும். லினக்ஸில் வேலை முடித்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், மில்லிக்கனில் கோடைக்காலத்தில் காலை எட்டு மணி பகல் பன்னிரண்டாகத் தெரியும். குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்து மணி நேரம். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இதே கோளாறு விண்டோஸ் கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளும். கருவி ஒன்று, காட்டும் எண் ஒன்று, பொருள்கொள்வதில்தான் பிளவு. அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் கோளாறு தீர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பார்வையும் ஒருபக்கமானது. லினக்ஸ் விண்டோஸின் பகுதியைத் திறந்து அங்குள்ள கோப்புகளை வாசிக்கும். விண்டோஸுக்கோ லினக்ஸின் கோப்பு அமைப்பு தானாகப் புரியாது. அந்தப் பகுதியைக் கண்டால் அது வெற்றிடம் என்று எண்ணி, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கவும் கூடும். பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது தெரியாமல் இடிக்கக் கிளம்பும் இந்த அறியாமை இந்திய மெய்யியலுக்குப் புதிதன்று. நனவு கனவை நினைவில் வைத்திருக்கும்; கனவுக்கு நனவு தெரியாது.

இந்நிலையை மிக நெருக்கமாகக் கற்பனை செய்தவர் ஆங்கில மெய்யியலார் ஜான் லாக். மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலின் 1694ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ஒருமையும் வேறுபாடும் குறித்து ஓர் அதிகாரத்தைச் சேர்த்தார். ஒரே உடலைப் பகலில் ஓர் உணர்வும் இரவில் இன்னோர் உணர்வும் மாறி மாறி இயக்குகின்றன, ஒன்றின் நினைவு மற்றதற்கு எட்டவே எட்டாது என்று வைத்துக்கொண்டால், பகல் மனிதனும் இரவு மனிதனும் இருவேறு ஆட்கள் என்பது அவர் முடிவு. உடல் ஒன்றாக இருப்பது ஆளை ஒருவராக்காது; நினைவின் தொடர்ச்சியே ஆக்கும். லாக்குக்கு ஆள் என்பது முதன்மையாக நீதிமன்றத்துக்குரிய கருத்து. யாரைப் பொறுப்பாக்குவது, யாருக்குத் தண்டனை என்பதற்கு விடை வேண்டும், அவ்வளவுதான்.

லாக்கின் இரவு மனிதன் ஒருநாள் நிஜமாகவே நீதிமன்றம் ஏறினான். அதுவும் மில்லிக்கனின் தென்பாதி அடங்கிய ஸ்காபரோவில் நடந்த ஒரு செயலுக்காக. 1987 மே மாதம் பிக்கரிங்கில் வசித்த இளைஞர் ஒருவர் பின்னிரவில் எழுந்து, சுமார் 23 கிலோமீட்டர் காரோட்டி ஸ்காபரோவிலிருந்த மனைவியின் பெற்றோர் வீட்டுக்குப் போனார். மாமியாரைக் கொன்றார், மாமனாரைக் கடுமையாகக் காயப்படுத்தினார். பிறகு தாமே காவல் நிலையத்துக்குப் போய் யாரையோ கொன்றுவிட்டதாகத் தெரிகிறது என்றார். அவர் தூக்கத்தில் நடப்பவர் என்று மருத்துவர்கள் சாட்சியம் அளித்தனர். ஜூரிகள் விடுதலை செய்தனர். 1992இல் கனடா உச்ச நீதிமன்றம் ஆர் எதிர் பார்க்ஸ் என்ற அந்த வழக்கில் விடுதலையை உறுதிசெய்தது. நீதிமன்றத்தின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் உடலில் இரண்டு ஆட்கள் என்று அது சொல்லவில்லை. தூங்கியவரின் கைகால் அசைவில் அவருடைய விருப்பம் இல்லை. எனவே குற்றவியல் சட்டம் கருதும் செயலே அங்கு நிகழவில்லை. லாக் இரண்டு ஆட்களைக் கண்ட இடத்தில் கனடாச் சட்டம் ஒருவரைக் கண்டது, அதுவும் ஆசனத்தில் இல்லாத ஒருவரை. இரண்டில் நீதிமன்றத்தின் பார்வையே தெளிவானது.

அந்தப் பார்வை சைவ சித்தாந்தத்துக்கு வெகு அருகில் வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் தந்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். மூன்றாவது சூத்திரம் உயிர் உண்டென்று காட்ட, எனது உடல் என்று ஒருவர் சொல்வதையும் ஒரு சான்றாகக் கொள்கிறது: உடைமை வேறு, உடையவர் வேறு. இச்சான்று அத்தனை வலியதன்று. என் உயிர் என்றும்தான் வழக்கில் சொல்கிறோம். நான்காவது சூத்திரமே நம் பொருளுக்கு ஆணிவேர். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் உயிர் அல்ல. அரசனுக்கு அமைச்சர் போல உயிருக்குத் துணை. அவை மாயையில் தோன்றிய சடப்பொருள், கண்ணும் காதும் போலக் கருவிகள்.

இதை ஏற்றால், 1960களில் அமெரிக்க மெய்யியலார் ஹிலரி புட்னம் முன்வைத்த வாதம் வேறு வடிவம் பெறும். மனநிலைகள் ஒரு கணிப்பொறியின் செயல்நிலைகளைப் போன்றவை, எந்தப் பொருளில் அவை ஓடுகின்றன என்பது முக்கியமில்லை என்றார் அவர். பிற்காலத்தில் தாமே அதைக் கைவிட்டார். உடல் வன்பொருள், ஆன்மா மென்பொருள் என்று இன்றைய சொற்பொழிவுகளில் கேட்கும் உவமை அந்த வாதத்தின் நிழல். சித்தாந்தத்தின் கணக்கில் இந்த உவமை ஒரு படி தவறி நிற்கிறது. கணிப்பது, முடிவெடுப்பது, நினைவு வைப்பது எல்லாம் அந்தக்கரணத்தின் தொழில்; மென்பொருளும் வன்பொருளின் பக்கமே சேரும். சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களுள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடம் கிடைக்கும். உயிரோ அவற்றுக்கு வேறானது. இரண்டுக்கும் முன் விழிக்கும் ஃபர்ம்வேரையாவது உயிர் எனலாமா என்றால், அதுவும் சில்லில் எழுதிய நிரல்தான்.

அவத்தைகள், அதாவது உயிர் அடையும் நிலைகள், ஒவ்வொன்றிலும் இயங்கும் கருவிகளைச் சித்தாந்திகள் எண்ணியே வைத்தார்கள். நனவில் 35 கருவிகள் தொழிற்படும், கனவில் ஐந்து அறிபொறியும் ஐந்து செயற்பொறியும் விலக 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் 1. ஒரு கணினி பணிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு அணைவதை இது நினைவூட்டும். ஆனால் பார்க்ஸ் வழக்கு இந்தக் கணக்கில் அடங்காது. கனவில் செயற்பொறிகள் விலகிவிட்டால் காரோட்டிய கை யாருடைய கருவி? நனவும் கனவும் கலந்த நிலைகளைத் தனியே பிரித்துக் காட்டினால்தான் இதற்கு விடை கிடைக்கும். மரபின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு தூக்க நடையை விளக்க முடியாது.

தமிழர் இங்கே திருமூலரை நினைப்பது இயல்பு. சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், சாத்தனூர் ஆயன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவதைக் கண்ட சிவயோகியார் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார். மாடுகள் வீடு சேர்ந்தன. மூலனின் மனைவி அழைத்தபோது தமக்கும் அவளுக்கும் உறவில்லை என்று ஒதுங்கினார். திரும்பி வந்து தேடியபோது பழைய உடல் கிடைக்கவில்லை, திருவாவடுதுறையிலேயே தங்கிவிட்டார். சங்கரர் அரசன் அமருகன் உடலில் புகுந்து மீண்ட கதையில் பழைய உடலைச் சீடர்கள் காத்தார்கள். இரண்டு கதைகளிலும் உயிர் ஒன்று, உடல் இரண்டு. டூயல் பூட் இதற்குத் தலைகீழ். ஆகவே இவற்றை அதற்கு முன்னோடி என்பது பொருந்தாது. ஆனால் ஆயர்குலப் பெண்ணின் அழைப்பில் நியாயம் இருக்கிறது. அவள் உடலைக் கண்டு ஆளை அடையாளம் கண்டாள். ஊரார் நிலையைக் கண்டு, இவர் சிவயோகத்தில் இருக்கிறார், பழைய உறவுக்கு வரமாட்டார் என்றார்கள்.

லாக் எழுப்பிய தடை ஒன்று வினைக் கொள்கையை நேரே தாக்குவது. முன்பிறவியில் செய்தது சிறிதும் நினைவில்லாத ஒருவர் அதற்காக இப்போது துன்பப்படுவதும், துன்பத்தோடே படைக்கப்படுவதும் ஒன்றுதானே? டூயல் பூட் கணினி இதற்குப் பாதி விடை தரும். விண்டோஸில் புகுந்த கொடுநிரல் வன்தட்டு முழுவதையும் அழித்தால், அச்செய்தி அறியாத லினக்ஸும் மறுநாள் எழாது. விளைவு போய்ச்சேர நினைவு தேவையில்லை. பொதுவான தட்டு போதும். மீதிப் பாதி நீதியைப் பற்றியது. அங்கே சித்தாந்தம் வினைப்பயனைத் தண்டனையாக வைக்காமல் மருந்தாக வைக்கிறது: இறைவன் ஊட்டும் இருவினைப் பயன், உயிரை மறைக்கும் ஆணவ மலம் பக்குவப்படுவதற்கு. நோய் எப்படி வந்தது என்பது நோயாளிக்கு நினைவிருக்க வேண்டியதில்லை. லாக்கின் தடை தண்டனை என்ற கருத்துக்குத்தான் தடை. மருந்தாகக் கொண்டால் அது விலகும். மருந்து இத்தனை கசக்க வேண்டுமா என்பது அப்படியே நிற்கிறது.

எஞ்சியிருப்பது பௌத்தரின் தடை, எல்லாவற்றிலும் கூரியது. துவக்கப் பட்டியலில் தேர்ந்தெடுக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளே உயிர் என்று சித்தாந்தி சொல்லக்கூடும். ஆனால் யாரும் விசையைத் தொடாவிட்டாலும் சில விநாடியில் கிரப் தானாகவே ஒன்றைத் துவக்கிவிடும். எதைத் துவக்குவது என்பது முன்பு எழுதிவைத்த அமைப்பில் இருக்கிறது. மணிமேகலையின் முப்பதாம் காதை விரிக்கும் பன்னிரு நிதானங்களும் இப்படிப்பட்டவையே: ஒன்றைச் சார்ந்து மற்றொன்று, நடுவில் தேர்பவர் எவரும் இல்லை. தேர்வை வைத்து உயிரை நிறுவும் வாதம் இதன் முன் தோற்கிறது. அமைப்பை முதலில் எழுதியவர் யார் என்று கேட்டுத் தப்பிக்க இயலாது. பௌத்தர் தொடக்கமில்லாத தொடர் என்பார், சித்தாந்தியும் வினையை அநாதி என்றுதான் சொல்கிறார்.

சித்தாந்தத்துக்குக் கைகொடுப்பது நுகர்ச்சி. கடிகாரம் நான்கு மணி நேரம் தவறியதால் விண்டோஸுக்கு வருத்தமில்லை. பகுதி அழிந்ததால் லினக்ஸுக்கு இழப்பில்லை. வருத்தமும் இழப்பும் மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கே. டூயல் பூட் கணினிக்குள் இருவரும் இல்லை, ஒருவரும் இல்லை. நாளை ஏதேனும் ஓர் இயந்திரத்துக்கு உயிர் உண்டென்று யாராவது சொன்னால், அது பேசுகிறதா, நினைவு வைக்கிறதா, தேர்ந்தெடுக்கிறதா என்று கேட்பது கருவிகளைப் பற்றிய விசாரணை. அதற்கு நோகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.