கைப்பேசியும் பெற்றோர் கடமையும்

நம் இல்லங்களில் பதின்பருவப் பிள்ளைகள் இரவு பகலென்றிராது கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்பது இன்று பெற்றோர் பலரும் கூறும் குறையாகும். ஊணும் உறக்கமும் வேளை தவறுகின்றன, அழைத்தால் மறுமொழியில்லை, பறித்தால் சினம் மூளுகின்றது. இக்கேட்டிற்குப் பொறுப்பாளி யார்? பிள்ளையா, பெற்றோரா, கருவியைப் பழக்கத்திற்கேற்ப அமைத்தவரா? இவ்வினாவை நடுநிலை வழுவாது ஆராய்தல் வேண்டும்.

இதனைப் பிள்ளையின் வெறும் பிடிவாதமெனத் தள்ளுதல் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றதும், 2022 முதல் நடைமுறையில் உள்ளதுமான நோய்ப் பட்டியலில் மின்னணு விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தை அடக்க இயலாமை, பிற கடமைகளினும் அதற்கே முதன்மை தருதல், கேடு கண்டபின்னும் தொடர்தல் என்பன அதன் குறிகளாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இத்தகையோர்க்கென 2014இலேயே தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. எனினும், நெடுநேரம் கைப்பேசி பார்ப்போர் அனைவரும் நோயாளரல்லர் என்பதையும் மறத்தலாகாது.

இனி, அமைத்தவர் பங்கைக் காண்போம். பார்ப்போர் நேரமே இந்நிறுவனங்கட்கு விளம்பர வருவாய். ஆகவே முடிவில்லாது நீளும் பக்கமும், கேளாமலே தொடங்கும் அடுத்த படமும் அமைக்கப்பட்டன. பரிசு எப்போது வரும் என்பது தெரியாத நிலையிலேயே மனம் மிகுதியும் கட்டுண்கிறது. சூதாட்டத்தின் வலிமையும் அதுவே. கற்றறிந்த பொறியாளர் பலர் கூடிப் பின்னிய வலைக்கெதிரே பதினான்கு வயதுப் பிள்ளையைத் தனியே நிறுத்தி, ‘உனக்கு மன உறுதியில்லை’ என ஏசுதல் நீதியாகுமா?

அங்ஙனமாயின் கருவியை அறவே விலக்கிவிடலாமே எனச் சிலர் கூறுவர். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கூலி வேலை செய்வோரும் கடன்பட்டுக் கைப்பேசி வாங்கியது பிள்ளையின் படிப்பிற்காகவே. இன்றும் உதவித்தொகை விண்ணப்பமும், தேர்வு முடிவும், சான்றிதழும் அதன்வழியே வருகின்றன. மூதாதையர்க்கு ஏடு மறுக்கப்பட்ட குடும்பத்தில் அதுவே நூலகமாகவும் விளங்குகின்றது. அதனை உடைத்தெறிதல் பிள்ளையின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

சிங்காலோவாத சூத்திரம் பெற்றோர் கடமைகளுள் முதலாவதாகக் கூறுவது, மக்களைத் தீமையினின்று தடுத்தலே. ஆனால் அந்நூலில் கடமைகள் ஒருவர்க்கு மட்டும் விதிக்கப்படவில்லை. பெற்றோர்க்கும் மக்கட்கும் இணையிணையாகவே கூறப்பட்டுள்ளன. ஆதலின் இல்லத்தில் இடும் விதி இருவரையும் கட்டுப்படுத்தல் வேண்டும். உண்ணும்போதும் தம் கைப்பேசியை விடாத தந்தை மகனை அதட்டினால், அது அதட்டலாக நிற்குமேயன்றி அறிவுரையாகாது. ‘நாங்கள் தொழிலுக்காகப் பார்க்கிறோம்’ என்பது ஓரளவு உண்மையே. எனினும் பிள்ளை காண்பது குனிந்த முகத்தையன்றித் தொழிலையன்று.

சட்டங்களும் பிறந்துள்ளன. பதினாறு வயதிற்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வேண்டற்பாலதா என்பது வேறு வினா. எச்சட்டமும் மாலை வேளையில் மகளோடு அமர்ந்து பேசாது. அது பெற்றோர்க்கே உரியது.

எனவே, உணவு வேளையில் எல்லோருடைய கைப்பேசிகளும் ஓரிடத்தில் வைக்கப்படுக. இரவில் அவை படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். பறிக்குமுன், பிள்ளை எதைப் பார்க்கிறது, அதில் எது பிடிக்கிறது என உசாவுக. விட்ட நேரத்திற்கு ஈடாக விளையாட்டுத் திடலோ, படிப்பகமோ, பெற்றோர் துணையோ தருக. படிப்பும் உறக்கமும் பல திங்கள் கெட்டிருப்பின், நாணாது மருத்துவரை நாடுக.

பொறுப்பு மூவர்க்கும் உண்டு. நிறுவனத்தாரைத் திருத்த நெடுங்காலம் ஆகலாம். பிள்ளையோ இன்னும் முதிராதது. இன்றே தொடங்க வல்லவர் பெற்றோரே. ஆகலின் முதற்கடமையும் அவர்க்கே உரியதென்பது நம் துணிபு.